சட்டமன்றத்துக்கு ஒரு பக்கம்

எங்கள் குழு மலேசியாவின் கெடா மாநிலச் சட்டமன்றத்திடம் கேட்டது மிக எளிய ஒன்று. அயல்நாட்டுப் பள்ளியில் ஓராண்டு பயிலத் தேர்வாகும் கெடா மாணவர்களுக்கு மாநில அரசு ஆதரவுக் கடிதம் வழங்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்காதபடி நிலையான ஏற்பாடு ஒன்று இருக்க வேண்டும். இதைச் சொல்ல எட்டுப் பக்கம் தேவைப்பட்டது. எட்டையும் எழுதியவன் நான். அது எவ்வாறு ஒரு பக்கமாயிற்று என்பதைப் பற்றிச் சுங்கைப்பட்டாணியில் இப்போது இரண்டு மூன்று விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். அவற்றுள் ஒன்றுகூட முழுமையானதன்று. ஆகவே நடந்ததை நடந்தபடி நானே எழுதிவைக்கிறேன்.

நான் இடைநிலைப்பள்ளி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவன். இவ்வட்டாரக் கல்விக் குழு ஒன்றுக்குப் பதினோராண்டுகளாகத் தலைவர். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, கப்பலேறிச் சென்னைக்குச் சென்று, கல்லூரியில் பட்டம் பெற்றுத் திரும்பியவன். இதைத் தற்பெருமைக்காகக் குறிப்பிடவில்லை. வெளிநாட்டுக் கல்வி பணக்கார வீட்டு விவகாரம் என்று யாரேனும் சொல்லும்போது எனக்கு ஏன் கோபம் வருகிறது என்பதை விளக்கவே குறிப்பிடுகிறேன். வேறொரு நாட்டின் வகுப்பறையில் ஓராண்டு உட்கார்ந்து வந்த பிள்ளை தன் சொந்த ஊரையும் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறது. அந்த வாய்ப்பு மலிவுவிலை அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டுமானால் அரசு அதைத் தன் காரியமாக எடுத்துக்கொள்ள வேண்டும். இது என் உறுதியான கருத்து. பின்வரும் நிகழ்ச்சியால் அதில் எந்த மாற்றமும் ஏற்படவில்லை.

எங்களிடம் வந்த பிள்ளை பதினாறு வயது, படிவம் நான்கு மாணவி. குடும்பம் முன்பு கரங்கான் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தது. இப்போது கூலிமில் மலிவுவிலை அடுக்குமாடியில் இருக்கிறது. தந்தை இல்லை. தாயார் தொழில்நுட்பப் பூங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்கிறார். வரிசையில் வரும் பொருள்களில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் பிரிவு. ஜப்பானின் வடபகுதியில் ஒரு சிறு நகரம், ஆண்டுக்கு இரண்டு அயல்நாட்டு மாணவர்களைத் தன் பள்ளியில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இணையாகச் சேர்த்துக்கொள்கிறது. அந்த விண்ணப்பத்தைக் கைப்பேசியில் தேடிக் கண்டுபிடித்தவள் இந்தப் பெண்தான். தானே நிரப்பினாள், தானே அனுப்பினாள், தேர்வும் ஆனாள். ஒரே ஒரு நிபந்தனை எஞ்சியிருந்தது. மாணவியின் மாநில அரசு அவளை ஆதரிப்பதாக எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். குறித்த நாளுக்குள் அக்கடிதம் போய்ச் சேராவிட்டால் இடம் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

மாநில அலுவலகத்தில் விசாரித்தேன். அதிகாரி பண்பாகவே பேசினார். பள்ளிகள் மத்திய அமைச்சின் கீழ் வருபவை; இப்படியொரு கடிதத்தை மாநிலம் இதுவரை எழுதியதில்லை; ஆனால் சட்டமன்றத்தில் உறுப்பினர் ஒருவர் இதைக் கேள்வியாக எழுப்பி, அமைச்சருக்கு இணையான ஆட்சிக்குழு உறுப்பினர் ஆதரவாகப் பதில் சொன்னால், அந்தப் பதிலை வைத்துக் கடிதம் எழுதலாம் என்றார். அடுத்த கூட்டத்தொடருக்கான கேள்விகளை அனுப்ப இரண்டு வாரமே இருந்தது. கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை. எங்கள் மாநிலத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறையாதலால், வியாழன் பிற்பகல் கடந்தால் எல்லாம் கடந்ததாகவே பொருள்.

குழுக் கூட்டத்தில் செயலாளர் கேட்டார். சாப்பாட்டுக்கடை நடத்துபவர்; வேகமானவர்.

"ஒரு பொண்ணுக்கு ஒரு சூராட், ஒரே ஒரு லெட்டர் வாங்கச் சட்டமன்றம் வரைக்கும் போகணுமா சார்? ஒய்பிய நேரா பாத்து, ஃபைல கையில குடுத்துட்டு வந்தா முடிஞ்சுதுலா."

"ஒரு பெண்ணுக்காக மட்டும் இல்ல. இது கொள்கை விஷயம். முறையா மகஜர் குடுக்கணும், முறையா மேடையில குடுக்கணும்," என்றேன்.

"மேடையா?" என்று அவர் கூரையைப் பார்த்தார்.

நான் முறை என்று சொன்னால் குழுவில் அதற்குமேல் விவாதம் நடப்பதில்லை. அந்த வழக்கத்தை உருவாக்கியவன் நானே.

எங்கள் ஊரார் ஒய்பி என்றழைக்கும் சட்டமன்ற உறுப்பினர், கடைசி நாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை காலையில் வர ஒப்புக்கொண்டார். அவருக்கு அன்று வேறு இரண்டு நிகழ்ச்சிகள் இருந்தன. இருபது நிமிடம் இருப்பேன் என்று முன்கூட்டியே சொல்லியனுப்பினார். நிகழ்ச்சி நிரலை நான் தயாரித்தேன். குத்துவிளக்கு, தேவாரம், மாலை, பொன்னாடை, வரவேற்புரை, மாணவி மூன்று நிமிடம் பேசுதல், மகஜர் வழங்குதல், உறுப்பினர் உரை. எழுத்தில் பார்க்கும்போது இருபது நிமிடத்துக்குள் அது அடங்கியது.

இங்கே நம்மவர்களின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பிரமுகருக்கு எதையும் வெறுங்கையால் நீட்டுவதில்லை. வெற்றிலை, ஆப்பிள், ஆரஞ்சு அடுக்கிய தட்டில் வைத்து, மினுங்கும் கண்ணாடித்தாள் சுற்றி, நாடா கட்டித்தான் கொடுப்போம். ஆகவே மகஜரைச் சிவப்பு வெல்வெட் உறைக்குள் இட்டு, பழத்தட்டின் நடுவே படுக்கவைக்கச் சொன்னேன். நகல் இணைப்பது மரியாதைக் குறைவு என்று கருதி, ஜப்பானியப் பள்ளியின் முத்திரையிட்ட அசல் கடிதத்தையும், கோரிக்கையை ஆதரித்து வட்டாரப் பெற்றோர் இட்ட கையெழுத்துத் தாள்களையும் உள்ளே வைத்தேன். அசலை எடுத்துக் கொடுக்கும்போது அப்பெண் சற்றுத் தயங்கினாள். "பத்திரமா இருக்கும்," என்றேன்.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. எங்கள் அழைப்பை மதித்து நான்கு சங்கங்கள் வந்திருந்தன. நான்கும் தத்தம் பழத்தட்டோடு வந்திருந்தன. ஒரு சங்கத்தின் தலைவர் பொன்னாடை போர்த்தினால் மற்றச் சங்கத்தின் தலைவர் சும்மா இருக்க இயலாது. துணைத் தலைவர்களையும் விட்டுவிட முடியாது. ஒவ்வொரு பொன்னாடைக்கும் ஒரு படம் எடுக்க வேண்டும். படத்தில் கண்ணை மூடியவர்கள் மறுபடி நிற்க வேண்டும். பிறகு என் வரவேற்புரை. நான் முதல்வராக இருந்த பள்ளியின் வரலாற்றையும், நான் படித்த கல்லூரியின் வரலாற்றையும், கல்விக்குக் கடல் தடையன்று என்பதையும் சொன்னேன். அது நல்ல உரை. பாராட்டினார்கள்.

உரை முடிந்து திரும்பியபோது உறுப்பினரின் உதவியாளர் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். நெறியாளர் என் காதருகே வந்து, "சார், பொண்ணா, தட்டா? ஒன்னுக்குத்தான் டைம் இருக்கு," என்றார். மகஜரை வழங்கும் படம் இல்லாமல் இருக்க முடியாது என்று அந்தக் கணத்தில் தோன்றியது. தட்டு என்றேன். உறுப்பினர் தட்டைப் பெற்றுக்கொண்டார், நின்றபடியே, "மகஜரைப் படிச்சுட்டு ஆவன செய்றேன்," என்றார், கைகூப்பிவிட்டுப் புறப்பட்டார். ஐந்து தட்டுகளையும் மாலைகளையும் உதவியாளர்கள் காடியின் பின்புறத்தில் ஏற்றினார்கள்.

மாணவி பள்ளிச் சீருடையில், ஒரு தாளைக் கையில் பிடித்தபடி, முதல் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தாயார் இரவு ஷிப்டு முடித்துக் கம்பெனி பஸ்ஸில் நேராக வந்திருந்தார். கழுத்தில் தொழிற்சாலை அட்டை தொங்கியது. என்னிடம் வந்தார்.

"சார், எம்மக பேர கூப்பிடவே இல்லையே."

"எல்லாம் மகஜர்ல விரிவா இருக்கும்மா."

"ஒரு வாரமா மனப்பாடம் பண்ணா சார். பல்லு விளக்கறப்பகூட அதேதான்."

"எழுத்து பேசும்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேடையில் சிதறிக்கிடந்த மாலைப் பூக்களைப் பார்த்தார். மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை உறுப்பினரின் சேவை மையத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்துப் பேசிய உதவியாளர் ஓர் இளம்பெண்.

"மகஜரா? எங்ககிட்ட ஒன்னும் வரலையே ஐயா."

"தட்டில் வைத்துக் கொடுத்தோம்."

"எந்தத் தட்டு?"

"பழத்தட்டு."

"ஐயோ, ஐயா. பழத்தட்டு, மாலை எதையும் ஒய்பி வெச்சுக்கவே மாட்டாங்க. வர்ற வழியிலேயே ஏதாவது ஹோம்ல எறக்கிடுவோம். பழம் வீணாகக் கூடாதுன்னு ஒய்பி ஆர்டர். வெள்ளிக்கிழமை சுங்கை லாலாங் பக்கம் முதியோர் இல்லத்துல எறக்கினோம். அதுக்குள்ள லெட்டர் இருக்குன்னு யாருமே சொல்லலையே."

யாரும் சொல்லவில்லை என்பது உண்மை. சொல்ல வேண்டியவன் நான். அந்த நேரத்தில் படத்துக்காக நின்றுகொண்டிருந்தேன்.

மகஜரின் வாசகம் செயலாளரின் கணினியில் இருந்தது. ஆனால் முத்திரையிட்ட கடிதமும் கையெழுத்துகளும் தட்டில் போயிருந்தன. கேள்வியோடு அவற்றையும் காட்ட வேண்டும். வியாழக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. மாணவியின் தாயாரிடம் சொல்லாமலே தேடி எடுத்துவிடலாம் என்று முதலில் எண்ணினேன். என் நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலோர் அவ்வாறே எண்ணுவார்கள். ஆயினும் அந்தக் கடிதம் என்னுடையதன்று. கூப்பிட்டுச் சொன்னேன். அவர் கத்தவில்லை. "நாளைக்குக் காலையில ஷிப்ட் முடிச்சு வந்துடறேன் சார். சேந்தே போலாம்," என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை காலை என் காடியில் சென்றோம். அவர் முன்னிருக்கையில், தூக்கமில்லாத கண்களோடு, நேராகச் சாலையைப் பார்த்தபடி இருந்தார். செம்பனை வரிசைகள் இரண்டு பக்கமும் ஓடின.

"சார், ஒன்னு கேக்கலாமா?"

"கேளுங்கம்மா."

"அன்னைக்கு எத்தன பொன்னாடை?"

"ஆறு இருக்கும்."

"ஒம்போது. நான் எண்ணினேன். எனக்கு எண்றதுதான் சார் வேலை. லைன்ல சாமான் நின்னுச்சுன்னா எந்த எடத்துல நின்னுச்சு, எதுனால நின்னுச்சுன்னு எழுதிக் குடுக்கணும்."

"எதனால் நின்றது என்று எழுதுவீர்கள்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பொன்னாடைனாலன்னு எழுத மாட்டேன் சார். அது சாமான்தானே. யாரு லைன்ல வெச்சாங்களோ அவங்களப் போடுவேன்." சற்றுப் பொறுத்து, "கோவிச்சுக்காதீங்க," என்றார்.

நான் கோபித்துக்கொள்ளவில்லை.

இல்லம் ஒரு பழைய தோட்டத்து அலுவலகக் கட்டடம். முன்கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தனர். பணிப்பெண்ணிடம் விவரம் சொன்னேன். அவள் உரக்கச் சிரித்துவிட்டு, "தாத்தா, ஒங்க புஸ்தகத்தக் கேட்டு ஆள் வந்துடுச்சு," என்று மூலையை நோக்கிக் குரல் கொடுத்தாள்.

அங்கே இருந்தவர் என்னைவிடப் பத்து வயதேனும் மூத்தவர். ரப்பர் பால் எடுக்கும் பால்மரத் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்தவராம். மடியில் என் சிவப்பு வெல்வெட் உறை இருந்தது. கையில் உருப்பெருக்கிக் கண்ணாடி.

"நீங்கதானா எழுதுனது?" என்றார். "உக்காருங்க தம்பி."

என்னைத் தம்பி என்று அழைப்பவர் எவரையும் பல ஆண்டுகளாகச் சந்தித்ததில்லை. உட்கார்ந்தேன்.

"ஆரஞ்சு எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. இத யாரும் எடுக்கல. நான் எடுத்துக்கிட்டேன். அஞ்சு நாளா இதுதான். சத்தமா படிச்சும் காட்டுனேன். நல்ல தமிழ்."

"மகிழ்ச்சி."

பக்கத்தில் இருந்த மூதாட்டி ஒருவர், "ஆமாய்யா, ரொம்ப நல்லா இருந்துச்சு. இவரு படிக்க ஆரம்பிச்சா ரெண்டாவது பக்கத்துல எனக்குத் தூக்கம் வந்துடும். மாத்திரையே வேணாம்," என்றார். கூடமே சிரித்தது.

பெரியவர் சிரிக்கவில்லை. "ஒன்னுதான் புரியல தம்பி. யாருக்கு என்ன வேணும்? மொதப் பக்கம் ஒய்பிக்கு வணக்கம். ரெண்டாவது பக்கம் ஒங்க சங்கம். மூணுலேருந்து ஆறு வரைக்கும் நீங்க கப்பல் ஏறிப் போயிப் படிச்ச காலேஜ். சரி, படிச்சவரு, எழுதிக்கிட்டாரு. ஏழாவது பக்கத்துல ஒரு பொண்ணு வருது. யாருன்னு பாக்கறதுக்குள்ள போயிடுது. எட்டாவது பக்கம் நன்றி. அந்தப் பொண்ணு யாரு?"

"எம்மகதான் ஐயா," என்றார் என்னுடன் வந்தவர்.

"ஒம்மகளா?" அவர் கண்ணாடியைக் கீழே வைத்தார். "ஏழாவது பக்கத்துல, பாரு, ரெண்டு வரிதான் இருக்கு. அதுக்கு மேல ஒன்னும் இல்லையேம்மா?"

தாயார் அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். மகஜரை அவர் அதுவரை படித்ததில்லை. படிக்கக் கொடுக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை. 'கூலிம் வட்டாரத்தைச் சேர்ந்த மாணவி ஒருவரும் இத்தகு வாய்ப்பினை எதிர்நோக்கியுள்ளார் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.' அதை அவர் விரலால் தொட்டபடி இரண்டு முறை படித்தார்.

"நாள்கூட போடலையே சார். எப்ப கடிதம் வேணும்னு எங்கயுமே இல்லையே."

ஒரு கோரிக்கையில் நாள் குறிப்பிடுவது அவசரப்படுத்துவதுபோல் ஆகும் என்று நினைத்து அதைத் தவிர்த்திருந்தேன். அந்த விளக்கத்தை அங்கே சொல்ல என்னால் இயலவில்லை.

பெரியவர் அசல் கடிதத்தைச் சுருக்கம் விழாமல் பழைய நாட்காட்டி ஒன்றுக்குள் வைத்திருந்தார். "சீல் போட்ட தாளு, பெரிசா இருக்கும்னு தோணுச்சு," என்று அதையும் கையெழுத்துத் தாள்களையும் கொடுத்தார். எட்டுப் பக்கத்தைக் கொடுக்கவில்லை. "இது எங்கிட்டயே இருக்கட்டுமே. ஒங்களுக்கு இனிமே வேணாமே," என்றார். அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

அங்கிருந்து கூலிமுக்குச் சென்றோம். நான்காம் மாடி, மின்தூக்கி பழுது. மாணவி பள்ளியிலிருந்து வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை கையில் வைத்திருந்த தாளைக் கேட்டேன். மடிப்பு மடிப்பாக இருந்தது. மலாயில் ஒரே பக்கம். தான் யார், எந்தப் பள்ளி, எந்த ஊர், எந்த நகரம் தன்னை ஏற்றுக்கொண்டது, என்ன கடிதம் வேண்டும், எந்த நாளுக்குள் வேண்டும். கடைசியில், திரும்பி வந்து தன் தாயார் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் ஒன்றில் பொறியாளராக விரும்புவதாக ஒரு வாக்கியம். அவ்வளவுதான். அதில் நான் சேர்க்க வேண்டியது எதுவும் இல்லை என்பதைக் காண எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

"எல்லா மாணவர்களுக்கும் நிலையான ஏற்பாடு வேண்டும் என்று ஒரு பத்தி சேர்க்கலாமா?" என்று கேட்டேன்.

அவள் தாளின் அடிப்பகுதியை அளப்பதுபோல் பார்த்தாள். "ஒரு லைனுக்குத்தான் எடம் இருக்கு சார்."

"ஒரு வரி போதும்," என்றேன். எங்கள் குழுவின் பதினோராண்டுக் கொள்கை ஒரு வரிக்குள் அடங்கியது.

தாளின் கீழே மாணவியும் தாயாரும் கையெழுத்திட்டார்கள். குழுவின் சார்பில் நானும் இட வேண்டியிருந்தது. என் பட்டம், பதக்கம், பதவிகள் ஆகியவற்றை எழுத வழக்கமாக நான்கு வரி வேண்டும். இடமில்லாததால் பெயரை மட்டும் எழுதினேன். பேனாவை மூடியபோது தாயார், "காப்பி போடவா சார்?" என்றார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் என்னிடம் அவ்வளவு இயல்பாகப் பேசியது அப்போதுதான்.

அந்த மாலை வீட்டுக்குத் திரும்பும் வழியில் எனக்கு நினைவு வந்த ஒன்றையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். சென்னைக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தது என் மதிப்பெண்களால் என்று ஐம்பதாண்டுகளாகச் சொல்லி வருகிறேன். மதிப்பெண்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் இடத்தை உறுதிசெய்ய, பையன் இன்ன தோட்டத்தைச் சேர்ந்தவன், நன்னடத்தை உள்ளவன் என்று தோட்டத்து நிர்வாகம் எழுதித் தர வேண்டும் என்று கல்லூரி கேட்டது. துரையிடம் போய்ப் பேசி, தட்டெழுத்தில் அடித்து, அவர் கையெழுத்தை வாங்கிக் கொடுத்தவர் தோட்டத்து எழுத்தரான கிராணி. அரைப் பக்கம். மகஜரில் நான்கு பக்கத்தை என் கல்லூரிக்கு ஒதுக்கிய நான் அந்த அரைப் பக்கத்தைக் குறிப்பிடவில்லை. வேறெங்கும் குறிப்பிட்டதுமில்லை. இப்போது குறிப்பிட்டாயிற்று.

வியாழக்கிழமை காலை சேவை மையத்தில் எண் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் வடிகால் அடைத்துக்கொண்டதாகச் சொல்ல வந்த இருவர், அடையாள அட்டைச் சிக்கலோடு ஓர் அம்மையார். உறுப்பினர் என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். தனியறைக்கு அழைத்தார். எண் வரட்டும் என்று சொன்னேன். எங்கள் முறை வந்ததும் தாயாரே தாளை நீட்டினார், வெறுங்கையால். உறுப்பினர் நின்றபடியே படித்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இத அன்னைக்கே குடுத்திருக்கலாமே சார்?"

"அன்றைக்குத் தட்டில் இருந்தது," என்றேன்.

"அது வேற தாளு," என்றார் தாயார் மெதுவாக. உதவியாளர் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நண்பகலுக்கு முன் கேள்வி அனுப்பப்பட்டது.

கூட்டத்தொடரின்போது அலோர் ஸ்டாருக்குச் சென்று பார்வையாளர் இருக்கையில் அமர்ந்தோம். தாயார் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். வெள்ளத் தடுப்பு, நெல் வயல், சாலை என்று கேள்விகள் போய்க்கொண்டிருந்தன. எங்கள் கேள்வியும் பதிலும் சேர்ந்து இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தன. மாணவியின் தாளில் இருந்த சொற்களையே உறுப்பினர் வாசித்தார். ஆட்சிக்குழு உறுப்பினர், இத்தகைய வாய்ப்பு பெறும் கெடா மாணவர்களை மாநிலம் ஆதரிக்கிறது, இம்மாணவிக்குக் கடிதம் வழங்கப்படும் என்றார். நிலையான ஏற்பாடு குறித்து ஆராயப்படும் என்றார். முதற்பகுதி கேட்டதும் தாயார் என் முழங்கையைப் பிடித்தார். பிறகு யாரைப் பிடித்தோம் என்று உணர்ந்து கையை எடுத்துக்கொண்டார். "சாரி சார்," என்றார். மாணவி சட்டமன்றம் என்பதையும் மறந்து, "இவ்ளோதானா?" என்று கேட்டாள். இவ்வளவுதான். இதற்குத்தான் ஒன்பது பொன்னாடை போர்த்தினோம்.

கடிதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுவலக நேரத்தில், கிடைத்தது. இடம் உறுதியானது. அவள் இப்போது அங்கே படிக்கிறாள். வகுப்பறையை மாணவர்களே கூட்டிப் பெருக்க வேண்டும் என்று முதல் வாரத்தில் செய்தி அனுப்பியிருக்கிறாள். "இங்க ஒரு நாள் தொடப்பத்தத் தொட்டதில்ல சார்," என்று தாயார் எனக்குச் சொன்னார். அந்தக் குரலில் குறை எதுவும் இல்லை.

முடிவைத் தெரிவிக்க ஒருநாள் சுங்கை லாலாங் இல்லத்துக்குச் சென்றேன்.

"கடிதம் கெடச்சுதா?" என்றார் பெரியவர்.

"கிடைத்தது. பெண் போய்விட்டாள்."

"எத்தன பக்கம் குடுத்தீங்க?"

"ஒன்று."

"தட்டு?"

"இல்லை."

"அப்ப எங்களுக்குப் பழம்?" என்றார் அந்த மூதாட்டி. வாங்கி வந்திருந்தேன். பிளாஸ்டிக் பையில், நாடா இல்லாமல்.

நிலையான ஏற்பாடு இன்னும் ஆராயப்பட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு பிள்ளைக்குச் செய்ததை எல்லாப் பிள்ளைகளுக்கும் விதியாகச் செய்யும்வரை எங்கள் கோரிக்கை நிற்கும். அடுத்த கூட்டத்தொடருக்கு மீண்டும் எழுதப்போவதாகச் சொன்னபோது பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"எழுதினா மொதல்ல இங்க கொண்டாங்க தம்பி. ஆளு எந்த எடத்துல வருதுன்னு நான் பாத்துச் சொல்றேன்."

கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அரைப் பக்கம். நேற்றுப் பணிப்பெண்ணின் கைப்பேசியிலிருந்து கூப்பிட்டார். முதல் வரியிலேயே பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள், நன்றாக இருக்கிறது என்றார். இரண்டாம் பத்தியில் என் பதவி எதற்கு என்று கேட்டார். யோசித்துச் சொல்வதாகப் பதில் கூறியிருக்கிறேன்.